இறுகாத மாவுக்கட்டு

எட்டு நிமிடம் எனக்கு நீண்ட நேரம். பேனா மூடியைத் திறந்து மூடுவேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடை. பக்கத்துப் பேக்கிங் அறைப் பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே பேசுவார்கள். "ஏட்டி, லேப்புப் பிள்ளை காலுல மோட்டார் மாட்டியிருக்கு. சுவிட்ச் எங்கன இருக்குன்னு பாருங்கட்டி."

ராஜபாளையத்துக்கு வெளியே, மருத்துவத் துணிகள் செய்கிற சின்ன ஆலை அது. முதுகலை வேதியியல் முடித்த கையோடு அங்கே தரப் பரிசோதனைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் வேலையில் பாதி காத்திருப்பது. எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டு ரோல் ஒன்றை எடுத்து, தண்ணீரில் முக்கி, பிழிந்து, ஒரு பிவிசி குழாய்த் துண்டின் மேல் சுற்றி, அது இறுகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல ரோல் ஐந்தாறு நிமிடத்தில் நகம் பதியாத அளவுக்குக் கெட்டியாகிவிடும். எட்டு நிமிடம் தாண்டியும் நகம் பதிந்தால் அந்த லாட், அதாவது அதோடு ஒரே ஓட்டத்தில் செய்த அத்தனை ரோலும், தோல்வி. ஒரு நாளைக்கு இருபது ரோல். கூட்டிப் பார்த்தால் ஒரு சினிமாவுக்கு மேல் வரும், இடைவேளையும் கிடையாது.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். டீ போடுவதற்காக ஆய்வகத்தில் ஒரு மின்கெட்டில் உண்டு. அவசரமான நாட்களில் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். வெப்பம் கூடினால் வினை வேகமாகும், யாருக்குத்தான் தெரியாது? உண்மையிலேயே ஆறு நிமிடம் ஐந்தாகும். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் முதலாளி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் எலும்பு மருத்துவமனை, பல வருடமாக எங்களிடம் வாங்குகிற இடம், திருப்பி அனுப்பியிருந்தது. கட்டு இறுகவே மாட்டேன் என்கிறதாம், கைகால் நழுவுகிறதாம்.

"ஏமிடிதி? என்ன இது?" என்றார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு முன்னால் வரும், தமிழ் பின்னால் வரும். "ஏம்மா, நீ பாஸ் போட்ட லாட்டு இது. நான் ஆறு மணிக்கு மதுரைக்குக் கிளம்புறேன். அதுக்கு முன்னாடி இது ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கு எழுத்துல வேணும்."

நான் பாஸ் போட்ட லாட். காது சூடானது. மணி நாலே முக்கால். உடனே ஒரு ரோலைப் பிரித்தேன். இருந்த படபடப்பில் வெதுவெதுப்பெல்லாம் போதவில்லை. கெட்டில் தண்ணீரை அப்படியே மக்கில் ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க இடுக்கியால் ரோலை முக்கி, கரண்டியால் அழுத்திப் பிழிந்து, குழாயில் சுற்றினேன். ஐந்து நிமிடம். நகம் பதிந்தது. ஆறு. பதிந்தது. எட்டாவது நிமிடமும் களிமண் மாதிரி நெகிழ்ந்து கொடுத்தது. இன்னொரு ரோல், அதே கெட்டில், அதே களிமண். இரண்டையும் குழாயோடு குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அடுப்புநோட்டை எடுக்க ஓடினேன்.

அடுப்பு என்று நாங்கள் சொல்வது உலர்த்தும் அறையை. பிளாஸ்டர் பவுடர் தண்ணீர் பட்டால் இறுகிவிடும். அதனால் தண்ணீருக்குப் பதிலாக, சீக்கிரம் ஆவியாகும் ஒரு கரைப்பானில் அதைக் குழைத்துத் துணியில் பூசுவார்கள். பூசிய துணி நீளமான சூடான அறைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் உலர்ந்து வெளியே வரும். பிறகு வெட்டி, சுருட்டி, ஈரம் புகாத உறையில் ஒட்டுவார்கள். அந்த அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு வருடமாக அங்கே நிற்கிறார். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதுவார். எப்போதும் நூற்றுப்பத்து டிகிரி, கொஞ்சம் முன்பின்.

அந்த லாட் ஓடிய நாளின் பக்கத்தைத் திருப்பினேன். காலையில் நூற்றுப்பத்து. பதினோரு மணியிலிருந்து நூற்று இருபத்தைந்து. மாலை வரைக்கும் நூற்று இருபத்தைந்து.

கிடைத்துவிட்டது! அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன பயன்? ஜிப்சத்தை ரொம்பச் சுட்டால் அது தண்ணீரோடு சேரும் குணத்தை இழந்துவிடும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு சுட வேண்டும் என்பதும் படித்ததுதான், ஆனால் அதைத் திரும்பப் புரட்டிப் பார்க்க நேரமில்லை. ஒரு பக்க அறிக்கை எழுதினேன். ஒரு வினை தானாக நடக்குமா நடக்காதா என்று சொல்லும் கட்டிலா ஆற்றல் சமன்பாடெல்லாம் போட்டேன். 'அடுப்பின் வெப்பநிலை அனுமதியின்றி உயர்த்தப்பட்டதே காரணம்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்து இருபது. முதலாளி வாசித்தார், மடித்துப் பையில் வைத்தார், "பரவாயில்லையே" என்றார். அதற்காகத்தானே எல்லாம்.

ஐந்தரைக்கு அந்த அக்கா ஆய்வக வாசலில் வந்து நின்றார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்திருந்தார். நெற்றியில் அதன் தடம் இருந்தது.

"மொதலாளி ரெண்டு நாள் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாக. பொறவு சொல்லி அனுப்புதாகளாம்."

எங்கள் ஆலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு மாதக்காரியான எனக்கே தெரியும். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

"நூத்தி இருவத்தஞ்சு வச்சது நான்தான் பாப்பா. இல்லங்கல. நான்தானே நோட்டுலயும் எழுதினேன்? அன்னைக்குக் கோடை மழை ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. ஈரக் காத்து உள்ள வந்துச்சு."

"சூடு கூடினா பவுடர் செத்துரும்க்கா." நான் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆலை வேன் ஹாரன் அடித்துவிட்டது.

"செத்த நேரம் உட்காந்து கேளேன். ஈரம் ஒட்டுச்சுன்னா துணி வார வழியிலயே இறுக ஆரம்பிச்சிரும். சூட்ட ஏத்தினா இறுகாது. சூட்டுல இது இறுகாது பாப்பா, குளுந்தாத்தான் இறுகும். பதினோரு வருசமா பாக்கேன்."

"அக்கா, வெப்பம் கூடினா வினை வேகமாத்தான் நடக்கும். இது எட்டாங்கிளாஸ் பாடம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் ஏழோட நின்னுட்டேன்," என்றார். பிறகு, "எம் பொண்ணு பத்தாவது படிக்கா. பகல் ஷிப்டு உள்ள மில்லு வேற எங்கயும் கிடையாது. ராத்திரி ஷிப்டுன்னா அவளத் தனியா விட்டுட்டுப் போகணும். அத எழுதுறதுக்கு ஒம் பேப்பருல இடம் இருந்துச்சா?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. நான் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆய்வகத்தைப் பெருக்குகிற அம்மா என்னைக் கண்டதும் சத்தம் போட்டார். "ஏ பிள்ள, குப்பைக்கூடையில கல்லப் போடாதேன்னு எத்தன தடவ சொல்ல? கூடை அடி கிழிஞ்சு போச்சு." கையில் குழாய்த் துண்டு இரண்டு. மேலே வெள்ளையாக, கெட்டியாக. நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மேலாளர் புது லாட்டிலிருந்து ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தார். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையில் கொடுத்து, நானே முன்னால் நின்று ஒரு கட்டுப் போட்டுக் காட்டி, சமாதானம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது முதலாளியின் போன் உத்தரவு. "கல்லுதானே ஆயா, கழுவி வைங்க," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற மதுரை வண்டி. உட்கார இடம் கிடைத்தும் நிம்மதியாக இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன் என்று அவர் சொன்ன விதம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையின் வரிகளை ஒவ்வொன்றாக நினைவில் கொண்டுவந்து, எல்லாம் சரிதான், எல்லாம் சரிதான் என்று எனக்கு நானே டிக் போட்டுக்கொண்டு போனேன்.

மருத்துவமனையில் கட்டுப் போடுகிற அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு வாளி, ஒரு பெஞ்ச். கட்டுப் போடுகிறவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம், என்னைவிடப் புதியவர். பெஞ்சில் ஒரு பெண், மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்திருந்தார். பால்கோவா போடுகிற இடத்தில் வேலையாம். ஈரத் தரையில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். டாக்டர் எலும்பை நேராக வைத்துவிட்டுக் கட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"கம்பெனியில இருந்து வந்திருக்கீங்களா? பாருங்க மேடம் உங்க சரக்க," என்று கட்டுப் போடுகிறவர் என் பெட்டியிலிருந்தே ஒரு ரோலை எடுத்தார். தடித்த ரப்பர் கையுறையோடு வாளியில் முக்கி, பிழிந்து, வேகவேகமாகச் சுற்றினார். நல்ல கை அவருக்கு, சுருக்கம் விழவில்லை. நான் போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

"சுடுதே," என்றார் அந்தப் பெண்.

"மாவுன்னா சுடத்தான் செய்யும். பொறுத்துக்கோங்க."

நான்கு நிமிடம். ஆறு. அவர் விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. "பாத்தீங்களா? இதுவும் அதே கதைதான்."

எட்டு நிமிடம். குழி விழுந்தது.

"என்னம்மா இது, கொழகொழன்னு?" அந்தப் பெண்ணுக்கு வலியிலும் வாய் சும்மா இல்லை. "எங்க கோவா இதுக்குள்ள ரெண்டு தடவ இறுகியிருக்கும். சட்டிய எறக்கி வச்சு ஆற விட்டா தானா கெட்டியாகும். அடுப்புலயே வச்சிருந்தா அது எப்படி இறுகும்?"

இது புது லாட். நூற்றுப்பத்தில் ஓடியது, நேற்றுக் காலை இதே லாட்டின் ரோல் என் கையில் இறுகியது. நான் கேள்வி கேட்கவில்லை, நேராக வாளிக்குள் விரலை விட்டேன். சட்டென்று வெளியே எடுத்தேன்.

"அண்ணே, தண்ணி ஏன் இம்புட்டுச் சூடா இருக்கு?"

"ஸ்டெரிலைசர்ல கொதிச்ச தண்ணி மேடம். கொஞ்சம் பச்சத்தண்ணி விளாவியிருக்கேன். சுத்தமாவும் இருக்கும், சீக்கிரமாவும் இறுகும். வெளிய பாருங்க எம்புட்டுக் கூட்டம்னு. ஒவ்வொருத்தருக்கும் பத்து நிமிசம் நின்னா நான் எப்ப வீட்டுக்குப் போக?"

என் வாக்கியத்தையே அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரவேற்பறையில் குடிதண்ணீர் கேன் இருந்தது. கேட்காமலே ஒரு மக் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் முகம் சுளித்தாலும் அந்தக் கொழகொழப்பை வெட்டி எடுத்தார். உள்ளே தோல் சிவந்து கிடந்தது. இறுகாமல் போனது மட்டுமில்லை, எங்கள் கட்டு அந்தக் கையை அவித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் பார்த்து, தோலை ஆறவிட்டு, எலும்பு நேராக இருக்கிறதா என்று மறுபடி தொட்டுச் சரிபார்த்தார். பிறகு அதே பெட்டியின் இன்னொரு ரோல், கேன் தண்ணீர். நான்காவது நிமிடம் அந்தப் பெண், "இப்பவும் லேசா சுடுது, ஆனா பிடிக்குது" என்றார். ஆறாவது நிமிடம் கட்டுப் போடுகிறவர் விரல் கணுவால் தட்டினார். டொக் என்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கூடையைக் கிழித்த கல்லுக்கு இப்போது அர்த்தம் விளங்கியது. நான் தூக்கிப்போட்ட பிறகு அந்தக் கட்டு குப்பைக்கூடைக்குள் நிதானமாக ஆறி, நிதானமாக இறுகியிருக்கிறது. நான்தான் இருந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் போனிலேயே கணக்குப் போட்டேன். சமன்பாட்டை நேற்று அலங்காரத்துக்கு எழுதியிருந்தேன், இன்றைக்குத்தான் வாசித்தேன். மாவுக்கட்டு இறுகுவது என்றால் என்ன? பவுடர் தண்ணீரை இழுத்து, தனக்குள் பூட்டி, ஜிப்சப் படிகமாகிறது. இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்த தண்ணீர் ஓரிடத்தில் அடங்குகிறது. அது என்ட்ரோபிக்கு, அதாவது அந்த அலைச்சலின் அளவுக்கு, நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வினை வெப்பத்தை வெளியே விடுகிறது, கட்டு சுடுவது அதனால்தான். குளிர்ந்த நிலையில் இந்த ஈடு போதும், வினை தானாக நடக்கும். ஆனால் அந்த நஷ்டத்தை வெப்பநிலையால் பெருக்கவேண்டும் என்பது சமன்பாட்டிலேயே இருக்கிறது. சூடு ஏற ஏற நஷ்டம் பெருகும், ஈடு பற்றாமல் வரும். தண்ணீர் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் இரண்டும் சரிசமம். அங்கே பவுடருக்கு இறுக வேண்டிய காரணமே இல்லை. அதற்கும் மேலே போனால் வினை பின்னோக்கி ஓடும், ஜிப்சம் தண்ணீரைக் கக்கிவிட்டுப் பவுடராகும். பவுடர் தயாரிப்பதே அப்படித்தான்.

வேகம் ஒன்று, திசை ஒன்று. கொஞ்சம் சூடு வேகத்தைக் கூட்டும், என் வெதுவெதுத் தண்ணீர் அதனால்தான் வேலை செய்தது. அதே சூடு இன்னும் ஏறினால், எந்த இழுப்பால் வினை நடக்கிறதோ அந்த இழுப்பையே தின்றுவிடும். இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்து, தனித்தனியாக மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஒரே வாளிக்குள் இரண்டும் இருக்கும் என்று தோன்றவில்லை.

நூற்று இருபத்தைந்து டிகிரி? அந்தச் சூட்டில், துணி உள்ளே இருக்கிற சில நிமிடத்தில், பவுடர் சாகாது. அதற்கு இன்னும் எவ்வளவோ சுடவேண்டும். மழைநாளில் ஈரம் ஒட்டி வழியிலேயே இறுகிவிடாமல் இருக்கத்தான் அந்த அக்கா சூட்டை ஏற்றியிருக்கிறார். சூட்டுல இது இறுகாது பாப்பா. என் சமன்பாடு முழுவதும் அந்த நாலு வார்த்தைக்குள் இருந்தது. நான் பையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு நான்கு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. ராஜபாளையத்தில் இறங்கி, ஆலைக்குப் போகாமல், பேக்கிங் பெண்களிடம் வழி கேட்டு அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். "அம்மா நூல் மில்லுக்கு ஆள் எடுக்காகளான்னு கேக்கப் போயிருக்கு," என்றாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், எழுந்தேன், தெருவைப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வந்தார்.

"என்ன, இன்னொரு பேப்பரா?"

"நான் எழுதினது தப்பு அக்கா. உங்க மேல தப்பே இல்ல. தண்ணிதான். கொதிக்கிற தண்ணியில முக்கினா..."

"இறுகாது." அவரே முடித்தார். "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்த?"

"நாளைக்கு முதலாளி முன்னாடி சொல்லப் போறேன். நீங்களும் வரணும்."

"நூல் மில்லுல திங்கக்கெழம ராத்திரி ஷிப்டுக்கு வரச் சொல்லிருக்காக." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் கதவருகில் நின்றார். "எத்தன மணிக்கு?"

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வக மேசையில் திருப்பி வந்த லாட்டின் மூன்று ரோல், மூன்று மக். ஒன்றில் கெட்டில் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பானைத் தண்ணீர். முதலாளி நாற்காலியில். மேலாளர் அவருக்குப் பின்னால். அந்த அக்கா வாசலில், உள்ளே வராமல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கிங் அறை முழுவதும்.

"முந்தாநாள் எழுதினதும் நீதான்," என்றார் முதலாளி. "இன்னைக்கு மாத்திச் சொல்றதும் நீதான். நான் எதை நம்ப?"

"என்னை நம்ப வேண்டாம் சார். இதைப் பாருங்க. ஆனா எட்டு நிமிஷம் இருக்கணும்."

என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்ற எட்டு நிமிடம் அது. குழாய்த் தண்ணீர்க் கட்டு முதலில் இறுகியது, பானைத் தண்ணீர்க் கட்டு அடுத்து. கெட்டில் கட்டு நெகிழ்ந்தே கிடந்தது. முதலாளி எழுந்து வந்து தானே நகத்தால் கீறிப் பார்த்தார். "இது மட்டும் ஏன்?" என்றார். சொன்னேன். கெட்டிலால் நான் செய்து வந்ததையும் சேர்த்தே சொன்னேன், இத்தனை நாள் வெதுவெதுப்பில் பாஸ் போட்டதையும். சொல்லி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"பதினோரு வருசமா நிக்கிறவள வீட்டுக்கு அனுப்ப வச்சிட்டியேம்மா," என்றார் அவர். அனுப்பியது தான்தான் என்பதை அவரும் நினைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "போம்மா, போய் அடுப்பப் பாரு," என்றார்.

அக்கா உடனே நகரவில்லை. "இந்தப் பிள்ள எழுதின பேப்பரு?"

முதலாளி பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். கிழிக்கப் போனேன்.

"கிழிக்காத," என்றார் அக்கா. "தப்புன்னு மேல எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டோட சேத்து வையி. கிழிச்சா நாளைக்கு யாருக்குத் தெரியும்?"

அப்படியே செய்தேன். எங்கள் ரோலின் உறையில் 'சாதாரணத் தண்ணீரில் மட்டும் முக்கவும்' என்று ஒரு வரி புதிதாக அச்சாகியது. என் கெட்டிலை மேலாளர் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் சரியாகிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள், நானும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஆலைக்குள் சுவரெல்லாம் வியர்த்தது, பேக்கிங் அறையில் அட்டைப்பெட்டி நமுத்துப்போனது. ஆனால் துணி மட்டும் நன்றாக உலர்ந்து வந்தது, ரோல்கள் ஆறு நிமிடத்தில் இறுகின. ஐந்தாம் நாள் ஏதோ உறுத்தி அடுப்புநோட்டைத் திறந்தேன். நூற்றுப்பத்து. நூற்றுப்பத்து. நூற்றுப்பத்து. பின்னால் திருப்பினேன். வைகாசியில் அவர் திரும்பி வந்த நாள் தொடங்கி ஒவ்வொரு மணிக்கும் நூற்றுப்பத்து. நூற்றுப்பதினொன்று கூட ஒரு இடத்தில் இல்லை. எந்த மீட்டரும் அப்படி நிற்காது.

நோட்டோடு அடுப்பறைக்குப் போனேன். அக்கா தலைத்துண்டோடு துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் அவருக்குப் பின்னால் இருந்தது.

"இன்னைக்கு எம்புட்டு வச்சிருக்கீங்க அக்கா?"

"நோட்டுல இருக்குல்லா."

"நோட்டுல நூத்திப்பத்துன்னு இருக்கு."

"அப்ப நூத்திப்பத்துதான்."

மழைச் சத்தம் தகரக் கூரையில் இரைந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, கால் நிற்கவில்லைதான். அங்கே கிடந்த காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"நெசமான நம்பர எழுதினதுக்கு ஒரு தடவ வீட்டுக்கு அனுப்பினீக," என்றார் அவர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனி எதுக்கு எழுதணும்? துணி காயுது. கட்டு இறுகுது. நோட்டுக்கு என்ன நம்பர் வேணுமோ அது இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு லாட் உண்மையிலேயே கெட்டுப்போனால், அந்த நோட்டில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஐந்தாறு மாதம் வெறும் நூற்றுப்பத்து. அந்த அறிக்கையால் நான் கெடுத்தது ஒரு நாள் கணக்கை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று பார்க்கவில்லை. ஒரு துணிச்சுருள் முடிந்து இன்னொன்று ஏறியது. அவர் மீட்டர் பக்கம் திரும்பி, தன்பாட்டுக்குச் சொல்வதுபோல, "நூத்தி இருவத்தேழு," என்றார்.

நோட்டில் அன்றைய கடைசி நூற்றுப்பத்துக்குக் கீழே எழுதினேன்: 'மழை. 127. சரியானது. எனக்குத் தெரிந்தே வைக்கப்பட்டது.' அதன் கீழே என் கையெழுத்து. அவரிடம் நீட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏட்டி, நாளைக்கு எதும் ஆச்சுன்னா ஒன்னையல்லா வீட்டுக்கு அனுப்புவாக?"

"அனுப்பட்டும்."

"அனுப்பிட்டா அந்த லேப்புல யாரு நிக்க? நானா?" நோட்டை மூடி மீட்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். "எந்திரி. பெட்டி நசுங்குது."